தேய்வை அறிதல்

நமது கல்லூரி ஆண்டு மலருக்கு ஏதேனும் ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் அன்புடன் பணித்தனர். கல்லூரியை விட்டு முப்பது ஆண்டுகட்கு மேலாயினும், பழைய மாணவன் என்னும் உரிமை எனக்கு இன்னும் உண்டென்பதை நினைந்து மகிழ்ந்தேன். ஆயின், எதனைப் பற்றி எழுதுவது? இலக்கியத்தில் எனக்குப் புலமை இல்லை. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக் கரையிலுள்ள அபிங்டன் என்னும் சிற்றூரில் குடியிருந்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் ஊழியம் செய்து, ஓய்வு நாட்களில் ஒரு பழைய மோட்டார் வண்டியின் அடியிற் படுத்துக் கைகளை அழுக்காக்கிக்கொள்பவன் யான். ஆதலின் அவ்வண்டியைப் பற்றியே எழுதத் துணிந்தேன். பழைய வண்டியில் தேய்ந்த உறுப்புக்களை மாற்றுதற்குரிய காலம் யாது என்பதே என் பொருள். இதில் யான் செய்த பிழையையும் மறையாது கூறுவேன்.

அபிங்டன் நகரத்தில் 1929 முதல் 1980 வரை ஒரு மோட்டார்த் தொழிற்சாலை இருந்தது. 'எம்.ஜி.' என்னும் பெயர் தாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே செய்யப்பட்டன. மாரிஸ் கராஜஸ் என்னும் இரு சொற்களின் முதலெழுத்துக்களே அப்பெயராயின. அவற்றுள் மிகுதியாக விற்பனையானது எம்.ஜி.பி. என்னும் வகை. 1962-ஆம் ஆண்டில் தொடங்கி 1980-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொழிற்சாலை மூடப்படும் வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1798 கன சென்டிமீட்டர் அளவுடைய எஞ்சினும், இருவர்க்கு இருக்கையும், மடக்கிவிடத்தக்க துணிக் கூரையும் உடைய சிறு வண்டி அது. என்னிடம் இருப்பது 1970-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது.

அதனை எனக்கு விற்றவர் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி வாழ்ந்த முதியவர். அத்தொழிற்சாலையிலேயே பொருத்துநராக வேலை பார்த்தவர். 2015-ஆம் ஆண்டில் அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. அந்நாட்டுச் சட்டப்படி வண்டியோட்டுபவர், 20 மீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு வண்டியின் எண்பலகையைப் படிக்க வல்லவராயிருத்தல் வேண்டும். ஒருநாட் காலை அவர் தம் வீட்டு வாயிலில் நின்று எதிரே நின்ற வண்டியின் எண்ணைப் படிக்க முயன்றார், எழுத்துக்கள் குழம்பின. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. உடனே அளவு நாடாவைக் கொணர்ந்து தெருவை அளந்து 20 மீட்டரில் ஒரு கோடு கிழித்தார். மூன்று நாட்கள் அக்கோட்டில் நின்று சோதித்தார். நான்காம் நாள் என்னை அழைத்து வண்டியின் சாவியைக் கையிற் கொடுத்தார்.

"நேற்றுவரை செவ்வையாக ஓட்டினீர்களே! இதற்குள் ஏன் இந்த முடிவு?" என்று வினவினேன்.

"எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் என் கண்ணுக்கு யானே சாட்சி சொல்லலாகாது" என்றார் அவர்.

அவ்விடையின் பொருளை அன்று யான் உணர்ந்தேனல்லேன். சாவியுடன் கறுப்பு அட்டையிட்ட ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தார். எந்நாளில் எந்த உறுப்புக்குக் கிரீஸ் இட்டார், எதனை மாற்றினார் என்பவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அதனையும் அன்று யான் ஒரு நினைவுப் பொருளாகவே கருதி மேசை அறையில் வைத்துப் பூட்டினேன்.

நிற்க. வண்டியின் சக்கரங்களுக்கும் உடலுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்துத் தாங்கும் அமைப்பைச் சஸ்பென்ஷன் என்பர். அதற்குக் கடமைகள் இரண்டு: சாலையின் மேடுபள்ளங்கள் உள்ளே இருப்பவரைத் துன்புறுத்தாமற் காத்தல் ஒன்று, சக்கரம் சாலையை விட்டு எழாமலும் நேர் விலகாமலும் பிடித்து நிறுத்தல் மற்றொன்று. மக்கள் முன்னதையே பெரிதென எண்ணுவர்; உண்மையில் உயிரைக் காப்பது பின்னதே.

எம்.ஜி.பி. வண்டியின் முன் சக்கரம் ஒவ்வொன்றும், கிங் பின் என்னும் நிமிர்ந்த எஃகுத் தண்டைச் சுற்றித் திரும்புகிறது. அத்தண்டின் மேல் முனையை ஷாக் அப்சார்பரின் கையும், கீழ் முனையைக் கவை போன்ற இரு கைகளும் பிடித்திருக்கின்றன. கீழ்க்கைகளின் மேல் ஒரு சுருள்வில் அமர்ந்து முன்பாரத்தைத் தாங்குகிறது. கைகள் உடலோடு சேருமிடங்களில் ரப்பர் புஷ்கள் உள்ளன. கிங் பின்னின் அடியில் குறுக்கே ஓர் ஆணி சென்று அதனைக் கீழ்க்கைகளோடு பிணைக்கிறது. பின்புறத்தில் பட்டைகள் அடுக்கிய விற்கள் இரண்டும், அவற்றின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் உள்ளன. இவையனைத்தும் ஓயாது அசைபவை. அசைவன தேயும், இதில் வியப்பொன்றுமில்லை.

ஆயின் அவை தேயும் விதமே நம்மை ஏமாற்றுவது. விளக்கு அணைந்தால் உடனே அறிகிறோம். டயர் வெடித்தால் ஊரே அறியும். ரப்பர் புஷ் நாளொன்றுக்குத் தலைமயிரில் நூற்றில் ஒரு பங்கு நைந்தால் எவர் அறிவர்? ஷாக் அப்சார்பரின் எண்ணெய் மாதத்திற்கு ஒரு துளி கசிந்தால் எவர் அறிவர்? வண்டி சிறிது சிறிதாகத் தளர்கிறது. ஓட்டுபவனுடைய கையும் சிறிது சிறிதாக அத்தளர்ச்சிக்குப் பழகிவிடுகிறது. வளைவில் சற்று முன்னரே வேகத்தைக் குறைக்கிறான். நேர்ச் சாலையிலும் ஸ்டியரிங்கை இடையறாது திருத்துகிறான். தான் திருத்துவதையே அறியான். ஆகவே ஒரு வண்டியின் தேய்வைப் பற்றிச் சாட்சி கூறுதற்கு மிகத் தகுதியற்றவன், அதனை நாள்தோறும் ஓட்டுகின்றவனே.

என் வரலாற்றுக்கு வருவேன். இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகட்குக் கட்டாயச் சோதனை 1960-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. முதலில் பத்தாண்டு கழிந்த வண்டிகட்கும், 1967 முதல் மூன்றாண்டு கழிந்தவற்றிற்கும் அது விதிக்கப்பட்டது. பிற்காலத்தில், நாற்பது ஆண்டு கடந்தனவாய், பெரிதும் மாற்றியமைக்கப்படாதனவாயுள்ள வண்டிகட்கு 2018-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி முதல் அச்சோதனையினின்று விலக்கு அளிக்கப்பட்டது. பழுதற்ற நிலையில் வைத்து ஓட்டவேண்டிய பொறுப்பு மட்டும் உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. விரும்பினால் சோதனைக்குக் கொண்டுபோகவும் தடையில்லை. யானோ விலக்கைக் கண்டு மகிழ்ந்து பொறுப்பை மறந்தேன். 'ஆண்டுக்கு 600 மைல்தான் ஓடுகிறது. கிங் பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் இடவேண்டும் என்கிறது கைந்நூல். இன்னும் காலம் உள்ளதே' என்று கணக்கிட்டேன். இவ்வாறே நான்கு ஆண்டுகள் கழிந்தன. கணக்கில் 2400 மைல்தான் ஆயிற்று.

2022-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு, வெளியூரில் படிக்கும் என் மகள் வீட்டிற்கு வந்தாள். வெயில் இனிதாயிருந்தது. வண்டியின் கூரையை மடக்கிவிட்டு, வாண்டேஜ் நகரின் வழியாக அஃபிங்டன் குன்றிலுள்ள வெள்ளைக் குதிரையைக் காணச் சென்றோம். அக்குன்றின் சரிவில் ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள ஒரு குதிரை உருவம் சுண்ணாம்புக் கல்லால் ஆக்கப்பட்டுள்ளது. அது சுமார் மூவாயிரம் ஆண்டுப் பழமையுடையதென்பர் ஆராய்ச்சியாளர். திரும்பிச் சரிவில் இறங்கும்போது எதிரே ஒரு வண்டி வரக்கண்டு பிரேக்கை மிதித்தேன். இடப்பக்கத்தே 'டக்' என்றோர் ஓசை. வண்டி வேலிப்புறமாக ஒரு முழம் ஒதுங்கிற்று. யான் வழக்கம்போல் திருப்பி நேராக்கிக்கொண்டு சென்றேன். என் மகள் மட்டும் கதவைப் பற்றிய கையை எடுக்கவில்லை.

"அப்பா, இது எப்போதிருந்து இப்படி?" என்றாள்.

"எப்படி அம்மா?"

"பிரேக் போட்டால் ஒதுங்குகிறதே! போன செப்டம்பரில் நான் ஓட்டியபோது இப்படி இல்லையே!"

"பழைய வண்டி அம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"பழைய வண்டிதான். ஆனால் ஏழு மாதத்தில் இவ்வளவு வயதாகிவிடுமா, அப்பா?" என்றாள் அவள்.

இதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. ஏழு மாதம் விலகியிருந்த அவள் ஒரு நொடியில் கண்டதை, வாரந்தோறும் ஓட்டிய யான் காணவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேலிப்புறமாக ஒதுங்கிய வண்டி எதிர்ப்புறமாக ஒதுங்கியிருப்பின் என் செய்திருப்பேன்? பக்கத்தில் இருந்தவள் என் மகள் அல்லவா?

இனி எனது இரண்டாம் பிழையைக் கூறுவேன். அசட்டையாயிருந்தவன் அச்சங் கொண்டால் மறுகோடிக்கே ஓடுவான். மறுநாளே நான்கு ஷாக் அப்சார்பர்களும், முன் சுருள்விற்களும், ரப்பருக்குப் பதிலாக மிக உறுதியான பாலியூரிதேன் புஷ்களும் வாங்க ஏற்பாடு செய்தேன். ஏறத்தாழ அறுநூறு பவுன் செலவாயிற்று. இரண்டு வாரம் உழைத்துப் பொருத்தினேன். விளைவு யாது? வண்டி முன்னிலும் கடினமாக ஓடிற்று. சிறு கல்லும் முதுகெலும்பில் தெரிந்தது. சரிவில் பிரேக்கை மிதித்தவுடன் அதே 'டக்' ஓசை, அதே ஒதுக்கம். நோயாளியைத் தொட்டுப் பாராமலே மருந்துக் கடையை முழுதும் வாங்கி ஊட்டிய வைத்தியனை ஒத்தேன்.

வெட்கத்தை விட்டு முதியவரிடம் சென்றேன். அப்போது அவர் தொண்ணூறை அணுகியிருந்தார். கோலூன்றி வந்து, என் வண்டிக் கொட்டகையில் நாற்காலியிட்டு அமர்ந்தார். முதலில் டயர்களின் காற்றை அளக்கச் சொன்னார். பின்னர் டயரின் மேற்பரப்பைக் கையால் தடவச் சொன்னார். உட்புற விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்மை பிறழ்ந்திருத்தல் கூடும்; இடையிடையே குழிந்து அலையலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ தளர்ந்த இணைப்பையோ ஐயுறுதல் வேண்டும். பணச் செலவில்லாத சோதனைகளே முதலிற் செய்யத்தக்கவை என்பது அவர் கொள்கை.

"சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன், ஆட்டம் ஒன்றுமில்லை" என்றேன்.

"ஜாக்கியை எங்கே வைத்தீர்கள்?"

வண்டியின் பக்கவாட்டில் வைத்ததாகக் கூறினேன். அவர் சிரித்தார். உடலைத் தூக்கினால் சுருள்வில் நீண்டு, கீழ்க்கையைக் கீழ்நோக்கித் தள்ளிக் கிங் பின்னை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் மறைந்துவிடும். சுருள்வில் அமர்ந்திருக்கும் தட்டின் அடியிலேயே ஜாக்கியை வைத்துத் தூக்கினால், கிங் பின் பாரமின்றித் தொங்கும், ஆட்டம் வெளிப்படும். அவ்வாறே செய்து, சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து அசைத்தேன். இடச்சக்கரம் 'டக், டக்' என்று ஆடிற்று. "உங்கள் மகளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்" என்றார். பிரேக்கை மிதித்தபோது ஆட்டம் நின்றிருந்தால் சக்கரத்தின் பேரிங்கே குற்றவாளி. மிதித்தும் ஆடினால் குற்றம் கிங் பின்னிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. மகள் மிதித்தாள், ஆட்டம் நிற்கவில்லை.

கழற்றிப் பார்த்தோம். அடியிலுள்ள குறுக்காணிக்குக் கிரீஸ் செல்லும் வாயிலில் பழைய கிரீஸ் கல்லாக உறைந்து அடைத்திருந்தது. உள்ளே கிரீஸ் இன்றி இரும்பும் இரும்பும் உராய்ந்து, உருண்டையாயிருக்க வேண்டிய புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. நீர் புகுந்து துருவும் ஏறியிருந்தது. அறுநூறு பவுன் செலவிட்டு யான் மாற்றியவற்றுள் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருந்தவை. மாற்றாமல் விட்டதொன்றே எங்களைக் கொல்லத்தக்கது. அவ்விணைப்பு அறுந்தால் சக்கரம் அடியில் மடங்கி விழும்.

அன்று அம்முதியவர் கூறியவற்றையும், பின்னர் அநுபவத்தில் யான் அறிந்தவற்றையும் தொகுத்துக் கூறுவேன். உறுப்புக்களை மூவகையாகப் பிரித்துக்கொள்ளல் நலம். முதல் வகை, அறுந்தால் சக்கரத்தையோ ஸ்டியரிங்கையோ இழக்கச் செய்வன: கிங் பின்னும் அதன் ஆணியும், ஸ்டியரிங் தண்டின் முனை மூட்டுக்களும், சக்கரப் பேரிங்குகளும். இவற்றில் அளவுக்கு மிஞ்சிய ஆட்டம் கண்டால் அடுத்த மாதம், அடுத்த சம்பளம் என்னும் பேச்சே கூடாது. அன்றே வண்டியை நிறுத்திவிடல் வேண்டும். சக்கரப் பேரிங்கைச் சில வேளைகளில் திருத்தி அமைத்தாலே போதும். தேய்ந்த கிங் பின்னைத் திருத்த இயலாது, மாற்றவே வேண்டும்.

இரண்டாம் வகை, வண்டியின் பிடிப்பைக் குறைப்பன: ஷாக் அப்சார்பர்கள், நைந்த புஷ்கள், முறிந்த வில்பட்டை. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் அது ஒருமுறை எழுந்து அமைய வேண்டும். ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தால் ஷாக் அப்சார்பரின் வேலை முடிந்தது. ஆடாவிட்டால் நன்றென்று முடிவு கட்டிவிடலாகாது. எண்ணெய் கசிகின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். எம்.ஜி.பி.யின் முன்புறத்தில் ஷாக் அப்சார்பரின் கையே மேற்கையாகவும் இருத்தலின், அதன் அச்சு தளர்ந்தால் சக்கரத்தின் சாய்வே மாறும். இவ்வகையில் குறை கண்டால் வேகத்தையும் தூரத்தையும் குறைத்துக்கொண்டு, விரைவில் மாற்றுதல் வேண்டும். வலமும் இடமும் சேர்த்தே மாற்றுதல் நன்று.

மூன்றாம் வகை, கிரீச்சிடும் ஓசை, சிறு தாழ்வு முதலிய வசதிக் குறைகள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து அதன் மேலுள்ள வளைவின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வைத்தால், வில் தாழ்கின்றதா என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டு அறியலாம். இவை பொறுக்கும்; ஆனால் மறக்கத்தக்கவையல்ல.

மாற்றும்போது இன்னொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. உலோகக் குழலோடு ஒட்டிய ரப்பர் புஷ்ஷின் மறையை, வண்டி தன் பாரத்தோடு சக்கரங்களின் மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்குதல் வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே இறுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும். வேலை முடிந்தபின் சக்கரங்களின் நேர்மையை அளந்து பார்த்தலும் இன்றியமையாதது. ரப்பரின் ஆயுளை மைலால் மட்டும் அளக்கலாகாது. ஓடாது நிற்கும் வண்டியிலும் அது வெடிக்கும். கிரீஸும் அவ்வாறே, ஓடாது நின்றால் உறையும். எனது 2400 மைல் கணக்கு பொய்த்தது இதனாலேயாம். குறைவாக ஓடும் வண்டிக்கு நாட்காட்டியே மைல்மானி.

பாலியூரிதேன் புஷ்களை மறுபடியும் கழற்றி, 1973-ஆம் ஆண்டில் வெளிவந்த வி8 எஞ்சின் எம்.ஜி.பி.க்கென அமைந்த உலோகக் குழலுடைய ரப்பர் புஷ்களைப் பொருத்தினேன். இடமும் வலமுமாகப் புதிய கிங் பின்கள் ஏறின. சரிவில் பிரேக்கை மிதித்தபோது வண்டி நூல்பிடித்தாற்போல் நேராக நின்றது. அப்பொழுதுதான், எத்தனை ஆண்டுகள் யான் ஒரு நொண்டிக் குதிரையை ஓட்டி வந்தேன் என்பதை என் கைகள் அறிந்தன.

அஃபிங்டன் குன்றின் வெள்ளைக் குதிரையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டு அது நின்றது கல்லின் வலிமையாலன்று. சில காலம் கவனியாது விட்டாலும் புல் மூடி மறைத்துவிடும். தலைமுறை தலைமுறையாக மக்கள் குறித்த காலத்தில் ஏறிச் சென்று, புல்லைக் களைந்து, புதுச் சுண்ணாம்பை இட்டு இடித்து வந்தனர். இன்றும் ஆண்டுதோறும் அவ்வாறே செய்கின்றனர். 'மங்கியபின் பார்த்துக்கொள்வோம்' என்று ஒரு தலைமுறை இருந்திருப்பின், அடுத்த தலைமுறைக்கு அங்கே குதிரை உண்டென்பதே தெரிந்திராது.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர்க்கு ஸ்போர்ட்ஸ் கார் வாய்க்கலாம், வாய்க்காதும் போகலாம். தேய்வு எல்லோர்க்கும் வாய்ப்பதே. மெல்லத் தேய்வதைத் தானே உணர இயலாது. ஆதலின் குறித்த நாளும், குறித்த அளவும், விலகி நின்று பார்க்கும் மற்றொருவர் கண்ணும் வேண்டும். அளவு நல்லதென்று கூறுவதை அச்சத்தால் மாற்றாதீர்கள். கெட்டதென்று கூறுவதைப் பழக்கத்தால் விட்டுவிடாதீர்கள்.

அம்முதியவர் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். கறுப்புக் குறிப்பேடு இப்பொழுது மேசை அறையில் இல்லை. கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. அவருடைய கையெழுத்தின் கீழே என் கையெழுத்துத் தொடர்கிறது. விலக்கு இருந்தும் ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். ஈஸ்டர் விடுமுறைக்கு வரும் மகளிடம் சாவியைக் கொடுத்து, யான் பக்கத்து இருக்கையில் வாய்திறவாது அமர்கிறேன். வீடு திரும்பியதும் அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். அதன்பின் தெருவில் இறங்கி, முதியவர் கிழித்த இடத்திலேயே அளவு நாடாவை நீட்டி 20 மீட்டரில் ஒரு கோடு கிழித்து, எதிரே நிற்கும் வண்டியின் எண்ணை உரக்கப் படிக்கிறேன். சரியா தவறா என்று சொல்வது அவள் வேலை. இதுவரை சரியென்றே கூறி வருகிறாள்.